பழைய லேத் வாங்கலாமா? மண்டபத்துல விசைப்படகு ஷாப்ட் வேலைக்கு

மண்டபம்கடைசல்:
எல்லாருக்கும் வணக்கம். மண்டபம் பக்கம் சின்னதா பட்டறை வெச்சிருக்கேன். நாலரை அடி லேத் (கடைசல் மெஷின்) ஒண்ணு, வெல்டிங் செட், பில்லர் டிரில். நாட்டுப்படகு, ஃபைபர் போட்டு வேலைதான் முக்காவாசி: புஷ், புல்லி, சின்ன ஷாப்ட். விசைப்படகு ஷாப்ட் (ப்ரொப்பல்லரைச் சுத்துற தண்டு) வந்தா திருப்பி அனுப்பிடறேன், என் லேத்துல ஏறாது. அவங்க தூத்துக்குடிக்கோ மதுரைக்கோ வண்டி பிடிச்சுத் தூக்கிட்டுப் போறாங்க. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும். படகெல்லாம் சும்மா நிக்கிற அந்த 61 நாள்லதான் ஷாப்ட், புஷ் எல்லாம் கழட்டுவாங்க. கண்ணு முன்னாடி வேலை ஊரு விட்டுப் போகுது.

இப்ப கோயம்புத்தூர்ல ஒரு யார்டுல எச்எம்டி என்எச் 26 லேத் நிக்குது. மூடுன கம்பெனியோடதாம். சென்டர் இடைவெளி (ரெண்டு முனைக்கும் நடுவுல ஏறுற நீளம்) 2 மீட்டர். மூணே முக்கால் லட்சம் கேக்குறாரு, பில் போட்டா வரி தனி. வீடியோவுல சத்தமில்லாம ஓடுது, பச்சைப் பெயிண்ட் பளபளன்னு இருக்கு. கூட்டாளி ஒருத்தன் இதே காசுக்கு ராஜ்கோட் லேத் எட்டடி புதுசாவே வரும்ங்குறான். எதுக்குப் போகலாம்?

ஏர்வாடி_டீசல்:
பெயிண்ட் எப்ப அடிச்சதுன்னு முதல்ல கேளு தம்பி.

கோவைடர்னர்:
பெயிண்ட்டை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க, எல்லா யார்டுலயும் அடிக்கத்தான் அடிப்பாங்க. பெயிண்ட் ஏறாத இடத்தைப் பாருங்க. ஹெட்ஸ்டாக்குக்கு (சக்கைச் சுத்துற பெட்டி) ஒட்டினாப்புல பெட்டுல சேடில் (டூலைத் தாங்கி ஓடுற வண்டி) போகாத துண்டு கொஞ்சம் இருக்கும். அங்கிருந்து நகத்தை வெச்சு டெயில்ஸ்டாக் (எதிர் முனைத் தாங்கி) பக்கமா இழுங்க. படி தட்டுனா அதுதான் தேய்மானம். லேத் எப்பவும் துண்டைப் பிடிக்கிற சக்குக்குப் பக்கத்துலதான் தேயும், எல்லாரும் துண்டு வேலையை அங்கதானே பார்ப்பாங்க. இன்னொண்ணு, சேடிலை சக் பக்கம் நிறுத்தி ஜிப்பை (சேடிலைப் பெட்டோட பிடிக்கிற பட்டை) நல்லாப் பிடிக்கிற அளவுக்கு இறுக்கிட்டு, கைச் சக்கரத்துல டெயில்ஸ்டாக் பக்கம் ஓட்டுங்க. போகப் போக இறுகி நின்னுடுச்சுன்னா முன்பக்கம் தேஞ்சு பின்பக்கம் புதுசாவே இருக்குன்னு அர்த்தம்.

அடுத்து ஸ்பிண்டில், சக்கைச் சுத்துற தண்டு. டயல் கேஜைச் சக்கு மேல வெச்சு, அடியில ஒரு மரக்கட்டையைக் கொடுத்து நெம்புங்க. முள்ளு எவ்வளவு ஆடுது, விட்டா பழைய இடத்துக்கு வருதான்னு பாருங்க. இதைக் குளிர்ந்த மெஷின்ல பார்த்துட்டு வந்துடாதீங்க. அரை மணி நேரம் மேல் ஸ்பீடுல ஓடவிட்டு, ஹெட்ஸ்டாக்குல பேரிங் இருக்கிற இடத்தைத் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியலைன்னா வேண்டாம். சூட்டோட திரும்ப டயல் வையுங்க.

வீடியோவுல சத்தமில்லாம ஓடுதுன்னா ஒரே ஒரு ஸ்பீடுல ஓடுதுன்னுதான் அர்த்தம். எல்லா கியரும் போடச் சொல்லுங்க, பேக் கியர் உட்பட. ஹெட்ஸ்டாக் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி அதுல காந்தம் விட்டுப் பாருங்க. பொடி ஒட்டுனா பரவால்ல, சில்லு ஒட்டுனா பல்லு போயிருக்கு.

கடைசியா, ரெண்டு இஞ்சு ராடு ஒண்ணு நீங்களே கொண்டுபோங்க. டெயில்ஸ்டாக் கொடுக்காம 200 மில்லிமீட்டர் வெளிய விட்டு லேசா ஒரு கட்டிங் ஓட்டி, ரெண்டு முனையிலயும் மைக்ரோமீட்டர் வையுங்க. 0.02க்குள்ள வித்தியாசம்னா சந்தோஷம். ஆனா யார்டுல எந்த மெஷினும் லெவல்ல நிக்காதுங்க, பெட் முறுக்கிக்கிட்டு நிக்கும். அதனால இந்த ஒரு அளவு மோசமா வந்துச்சேன்னு ஓடியும் வந்துடாதீங்க. நகமும் ஜிப்பும் என்ன சொல்லுதோ அதோட சேர்த்துப் பாருங்க.

ஸ்டெடி (நீள ராடைத் தாங்குறது), ஃபேஸ் பிளேட், நாலு ஜா சக், சேஞ்ச் கியர் எல்லாம் கூட வருதான்னு விலை பேசுறதுக்கு முன்னாடியே கேட்டுக்குங்க. அப்புறமா தனியா வாங்கப் போனா தெரியும்.

மண்டபம்கடைசல்:
நன்றிண்ணே. இதெல்லாம் சரியா இருந்தா எச்எம்டிக்கே போயிடலாம்ல?

கீழக்கரைக்காரன்:
தம்பி, மெஷின் நல்லதா கெட்டதான்னு எல்லாரும் பேசுறீங்க. அதுல ஷாப்ட் ஏறுமான்னு யாரும் கேக்கலையே.

நான் போட்டு வேலை பார்க்குறவன். இங்கன உள்ள விசைப்படகுல பாதிக்கு மேல ரெண்டரை இஞ்சு ஷாப்ட், நீளம் பத்தடிக்கு முன்னப்பின்ன. ரெண்டு மீட்டர் சென்டர்னா ஆறரை அடிதான். மிச்ச ஷாப்ட் எங்க போகும்? ஹெட்ஸ்டாக் ஓட்டைக்குள்ள போய் அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்கணும். ரெண்டரை இஞ்சுன்னா 63 மில்லி. அந்த எச்எம்டியில ஸ்பிண்டில் போர், அதான் அந்த ஓட்டை, எவ்வளவு? அதைக் கேளு. 63 உள்ள போகலைன்னா மெஷின் மகாராஜாவா இருந்தாலும் உனக்கு ஆகாது.

எட்டடி லேத்துன்னு சொல்றாங்களே, அதையும் கவனி. ராஜ்கோட், பஞ்சாப் பக்கத்து லேத்துல அடிக்கணக்குன்னா பெட்டோட மொத்த நீளம். ஹெட்ஸ்டாக்கும் டெயில்ஸ்டாக்கும் உக்கார்ற இடம் போக எட்டடியில அஞ்சடி வேலைதான் ஏறும். எச்எம்டிக்காரன் சென்டர் இடைவெளியில சொல்லுவான். ரெண்டையும் ஒரே கணக்குன்னு நினைச்சு விலையை ஒப்பிடாத.

மண்டபம்கடைசல்:
கீழக்கரை காக்கா (அண்ணே), ப்ரொப்பல்லர் மாட்டுற டேப்பர் முனை, அந்தக் கூம்பு முனைதானே முக்கியம். சென்டர்ல பிடிச்சு டெயில்ஸ்டாக்கை நகட்டி எடுக்க முடியாதா?

கீழக்கரைக்காரன்:
கணக்குப் போட்டுப் பாரு. ப்ரொப்பல்லர் டேப்பர் 1:12னு வெச்சுக்க, அதாவது 12 இஞ்சு நீளத்துக்கு விட்டம் ஒரு இஞ்சு குறையும். டெயில்ஸ்டாக்கை நகட்டுறதா இருந்தா ஷாப்ட் மொத்த நீளத்துல இருபத்துநாலுல ஒரு பங்கு நகட்டணும். பத்தடிக்கு அஞ்சு இஞ்சு. எந்த டெயில்ஸ்டாக்கு அஞ்சு இஞ்சு நகரும்? சின்ன வேலைக்குத்தான் அந்த வித்தை. ஷாப்டுக்கு டூலுக்கு அடியில இருக்கிற காம்பவுண்ட் ஸ்லைடைத்தான் திருப்பணும், 1:12க்கு 2 டிகிரி 23 நிமிஷம். 1:10 வந்தா 2 டிகிரி 52. டிகிரிக் கோட்டை நம்பி வைக்காம, பழைய ஷாப்டைச் சக்குல பிடிச்சு அது மேல டயலை ஓட்டி வெச்சுக்கணும். காம்பவுண்ட் ஓட்டம் அஞ்சு இஞ்சுதான் இருக்கும், டேப்பர் ஏழு இஞ்சு இருக்கும். ரெண்டு தடவையா எடுத்து, ப்ரொப்பல்லர் போர்ல நீலம் தடவிப் போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் உக்கார வைக்கணும். டேப்பர் அட்டாச்மெண்ட் இருந்தா ராஜ வேலை.

பின்னாடி நீட்டுற ஷாப்டுக்குத் தாங்கல் கட்டாயம் வேணும். தாங்கல் இல்லாம நாலடி ராடு பின்னாடி சுத்துனா ஒரு நொடியில வளைஞ்சு பட்டறையையே அடிச்சுப் போட்டுரும். ஆள் நின்னா ஆள் காலி.

ஏர்வாடி_டீசல்:
இவ்வளவு பேசுறீங்களே, விசைப்படகு இன்னும் எத்தனை வருசத்துக்குன்னு யோசிச்சீங்களா? பாக் நீரிணையில வாரத்துல மூணு நாள்தான் விசைப்படகு போகுது. போன படகுல சிலது இலங்கைப் பக்கம் பிடிபட்டுத் திரும்பி வர்றதே இல்ல. இழுவலையை விட்டுட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லி 2017லயே அரசாங்கம் திட்டம் கொண்டு வந்துச்சு. கடன் வாங்கி ரெண்டு டன் இரும்பை இறக்கி வெச்சுட்டு ஷாப்ட் வரும் வரும்னு உக்காந்திருக்கவா? இருக்கிற லேத்துக்குப் பக்கத்துல ஒரு ஆறடி வாங்கிப் போட்டு ஃபைபர் போட்டு வேலையையே ரெட்டிப்பா எடு. வருசம் முழுக்க வரும்.

கீழக்கரைக்காரன்:
ஆழ்கடல் படகுக்கு மட்டும் ஷாப்ட் கிடையாதா? அது இன்னும் தடியா வரும்.

ஏர்வாடி_டீசல்:
வரும். மண்டபத்துக்கு வருமாங்குறதுதான் கேள்வி. அந்தப் படகு எந்தத் துறைமுகத்துல கட்டுதோ அங்கதான் வேலை பார்ப்பான்.

கீழக்கரைக்காரன்:
நீங்க சொல்றதும் தள்ள முடியாது. ஆனா பெரிய லேத்துல சின்ன புஷ் போடலாம், சின்ன லேத்துல பெரிய ஷாப்ட் போட முடியாது. உப்பளத்துப் பம்பு இருக்கு, ஐஸ் கம்பெனி கம்ப்ரஸர் இருக்கு, செங்கல் சூளை ரோலர் இருக்கு. கீழக்கரையிலேர்ந்து சாயல்குடி வரைக்கும் பெரிய துண்டைச் சக்குல பிடிக்க ஆள் எங்க இருக்கு? படகை மட்டும் நம்பி வாங்குனா தப்பு, படகோட சேர்த்து இதையும் கணக்குல எடுத்தா தப்பில்ல.

சிஎன்சிபையன்:
இந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டா பழைய சிஎன்சி டர்னிங் சென்டரே கிடைக்கும். ஏன் இன்னும் கைச் சக்கரம் சுத்திக்கிட்டு?

கோவைடர்னர்:
ஒரே மாதிரி ஆயிரம் துண்டு வந்தா சிஎன்சி. அங்க ஒரு நாளைக்கு ஒரு ஷாப்டு, அதுவும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத அளவு. இன்னொண்ணு, பழைய கண்ட்ரோலர்ல பேக்அப் பேட்டரி செத்து பாராமீட்டர் அழிஞ்சு போயிருந்தா மெஷின் வெறும் இரும்புதானுங்க. கடல் ஓரத்துல அந்த சர்க்யூட் போர்டு எத்தனை நாளைக்கு நிக்கும்னு பாம்பன்காரர் சொல்லட்டும்.

பாம்பன்காத்து:
கூப்பிட்டீங்களே, வந்துட்டேன்.

காரைக்குடி சிக்ரிக்காரங்க (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இரும்பு எப்படித் துருப்பிடிக்குதுன்னு பார்க்க மண்டபத்துலதான் நிலையம் வெச்சிருக்காங்க. அவங்க தேடி வந்த இடத்துலதான் நீங்க மெஷினை நிறுத்தப் போறீங்க. வடக்கேயும் கடல், தெக்கேயும் கடல். வாடை அடிச்சாலும் கச்சான் அடிச்சாலும் உப்பு உள்ள வரும். 2025ல திறந்த புதுப் பாம்பன் ரயில் பாலத்துக்கு பாலிசிலாக்சேன் பூச்சு கொடுத்தது இந்தக் காத்துக்குப் பயந்துதான்.

உப்புத்தூளுக்கு ஒரு குணம் உண்டு. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டுனா அது தானாவே தண்ணியை இழுத்துக் கரைஞ்சிடும். நம்ம ஊர்ல ராத்திரியில சர்வசாதாரணமா தாண்டும். சாயங்காலம் பெட்டைத் துடைக்காம மேலாப்புல எண்ணெய் விட்டுட்டுப் போனா, எண்ணெய்க்கு அடியில உப்பு உக்காந்து வேலையைக் காட்டும். முதல்ல துணியால சுத்தமாத் துடைக்கணும், அப்புறம் ஸ்லைடுவே ஆயில், 68 நம்பர். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீங்க, உள்ள வேர்த்து ஒழுகும். சாக்குத் துணி போதும்.

கூலண்ட்டுக்கு போர்வெல் தண்ணி கலக்கவே கலக்காதீங்க. குழாய்ல வர்ற காவிரித் தண்ணியைப் பிடிச்சு வெச்சுக் கலக்குங்க. போர் தண்ணி கலந்த கூலண்ட்டு பட்ட இடம் மறுநாள் காலையில செம்மண்ணாட்டம் இருக்கும். எலக்ட்ரிக் பேனல் உள்ள ஒரு சின்ன குண்டு பல்பு எரியவிட்டா காண்டாக்டர் முனை கொஞ்ச நாள் கூட உழைக்கும். சிஎன்சி பத்தி நான் தனியாச் சொல்ல ஒண்ணுமில்ல.

கோவையில ஈரமில்லாத இடத்துல இருபது வருசம் நின்ன மெஷின் நம்ம ஊர்ல ரெண்டு வருசத்துல கிழடாயிடும். துடைக்கிற ஆளுக்குச் சம்பளம் கணக்குல சேர்த்துக்குங்க.

வரிக்கணக்கு:
விலை பேசும் முன் சில விஷயங்கள். விற்பவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். லேத்துக்கு 18 சதவீதம். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்பார், வேண்டாம். தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோகும் மின்னணுச் சீட்டு) வேண்டும், வழியில் பிடித்தால் அபராதம் உங்கள் தலையில். இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது கணக்கு. கோவையிலிருந்து மண்டபம் முந்நூறைத் தாண்டும் என்பதால் இரண்டு நாள் கிடைக்கும்.

மூடிய கம்பெனி மெஷின் என்றால் இன்னொரு கேள்வி. அது வங்கிக் கடனுக்கு அடமானமாக இருந்ததா? வங்கி ஏலத்தில் வியாபாரி எடுத்திருந்தால் அந்த ஏலப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வெறும் வாய்ப்பேச்சில் வந்ததென்றால், நாளை வங்கி ஆள் உங்கள் பட்டறை வாசலில் நிற்க வாய்ப்புண்டு.

மாவட்டத் தொழில் மைய மானியத்தை எதிர்பார்த்துத்தான் திட்டம் போடுகிறீர்கள் என்றால் பழைய மெஷினை மறந்துவிடுங்கள்; மானியம் புது மெஷினுக்குத்தான். ராஜ்கோட் லேத்துக்கும் இதற்கும் விலை ஒப்பிடும்போது மானியத்தைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

மண்டபம்கடைசல்:
மானியத்துக்கு அலைய நேரமில்லை சார், தடைக்காலத்துக்குள்ள மெஷின் நிக்கணும். ராஜ்கோட்ல பெரிய போரோட பத்தடி கேட்டேன், என் கைக்கு எட்டாத விலை. நேர்ல போய்ப் பார்த்துட்டு வந்து எழுதுறேன்.

மண்டபம்கடைசல்:
கோயம்புத்தூர் போயிட்டு வந்துட்டேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

எச்எம்டி நிஜமாவே நல்ல மெஷின். கோவைடர்னர் அண்ணன் சொன்ன எல்லாம் பார்த்தேன். நகத்துல படி லேசாத்தான் தட்டுச்சு, எல்லா ஸ்பீடுலயும் ஓடுச்சு, 200 மில்லிக்கு 0.03 வந்துச்சு. எடுத்துடலாம்னு கை துறுதுறுன்னுச்சு. அப்புறம் ஸ்பிண்டில் ஓட்டையில வெர்னியர் வெச்சேன். ரெண்டு இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. காக்கா சொன்ன 63 உள்ள போகவே போகாது. வியாபாரிகிட்ட சொன்னா, "எல்லாரும் இதுலதான் தம்பி ஷாப்ட் போடுறாங்க"ன்னாரு. எப்படின்னு கேட்டதுக்கு டீ சொன்னாரு.

அதே யார்டுல மூலையில இன்னொண்ணு கிடந்துச்சு. பஞ்சாப் பக்கத்து ஹெவி டியூட்டி, பேர்த் தகடே இல்ல. பெட் பத்தடி, கேப் பெட் (சக் பக்கம் ஒரு துண்டைக் கழட்டிப் பெரிய விட்டம் சுத்தலாம்), போர் மூணேகால் இஞ்சு. பார்க்க அசிங்கமா இருக்கு. பெயிண்ட்கூட அடிக்கல. ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் சொன்னாரு.

இதோட குறை இதெல்லாம். சக் பக்கத்துல பெட் நல்லாத் தேஞ்சிருக்கு, ஜிப் டெஸ்ட்ல பாதி வழியிலயே இறுகிடுச்சு. 200 மில்லிக்கு 0.09 வித்தியாசம். கிராஸ் ஸ்லைடு கைப்பிடி கால் சுத்து சும்மா சுத்துது. ஹாஃப் நட் தேஞ்சிருக்கு. ஒரு ஸ்பீடுல கியர் ஊளையிடுது, மத்ததுல இல்ல. காந்தத்துல பொடிதான், சில்லு இல்ல. ஸ்பிண்டில் சூட்டுலயும் 0.015க்கு மேல ஆடல. ஸ்டெடி இருக்கு, நாலு ஜா சக் இருக்கு, ஃபேஸ் பிளேட் இல்ல.

டோக்கன் கொடுக்கல. என்ன சொல்றீங்க?

கோவைடர்னர்:
ஒவ்வொண்ணாப் பாப்போம். கிராஸ் ஸ்லைடு நட்டு, ஹாஃப் நட்டு ரெண்டும் கன்மெட்டல்ல நீங்களே கடைஞ்சு போட்டுக்கலாம், அது குறையே இல்லீங்க. ஊளையிடுற கியர்ல பல்லு தேஞ்சு போயிருக்கும், அந்த ஸ்பீடை விட்டுட்டு ஓட்டலாம். ஸ்பிண்டில் நல்லா இருக்குன்னு சொல்றீங்க, காசு தின்றது அதுதான். அது தப்பிச்சுது.

பெட்தான் பேச வேண்டிய விஷயம். பெட் நேரா கீழ இறங்கித் தேஞ்சா விட்டம் அவ்வளவா மாறாது. 60 மில்லி ராடுல டூல் 0.1 இறங்குனாக்கூட கண்ணுக்கே தெரியாது. ஆனா பெட்டோட முன்பக்க V தடம் மட்டும் தேஞ்சு சேடில் முன்னால சாஞ்சுதுன்னா டூல் பக்கவாட்டுல நகரும், அப்ப அப்படியே அளவுல காட்டும். உங்க 0.09ல கொஞ்சம் யார்டு முறுக்கா இருக்கலாம், மிச்சம் சாய்வுதான். புஷ்ஷு, பேரிங் சீட்டுன்னு சக்குக்கு ஒட்டினாப்புல கறாரா அளவு வேணும்னா இந்த மெஷின்ல தினமும் சண்டை போடணும்.

கீழக்கரைக்காரன்:
அந்த வேலைக்கு அவன்கிட்ட நாலரை அடி இருக்குல்ல. அது எங்கயும் போகலையே.

ஷாப்டுக்கு வா. போர் மூணேகால் இஞ்சுன்னா ஷாப்டை எவ்வளவு வெளிய விடுறதுன்னு நம்ம கையில இருக்கு. நாலடி, அஞ்சடி வெளிய விட்டு டெயில்ஸ்டாக் சென்டர் கொடு. வேலை நடக்குற முனை சக்கை விட்டு தூரமா, பெட் தேயாத இடத்துல வந்துடும். டேப்பர் எடுக்கும்போது சேடிலைப் பூட்டிட்டு காம்பவுண்ட்ல எடுக்குற, பெட்டே அதுல சம்பந்தப்படாது. ஸ்டெர்ன் ட்யூப் (ஷாப்ட் படகை விட்டு வெளிய போற குழாய்) புஷ் உக்கார்ற இடம் மட்டும்தான் நீளமா ஓட்டணும். அதுவும் அந்தத் தூரத்துலதான் வரும். ப்ரொப்பல்லர் முகம் எடுக்கணும்னா கேப் பெட் கைகொடுக்கும், அந்த கேப் துண்டு பத்திரமா இருக்கான்னு பாரு.

அந்தப் பேரில்லாத மெஷினை நீ ஷாப்டுக்குன்னே வாங்குற. எச்எம்டியை எதுக்கு வாங்குவ?

ஏர்வாடி_டீசல்:
ரெண்டு பத்துக்கு வேண்டாம். ஒண்ணு எழுபதுக்குக் கேளு. அந்த விலைக்குன்னா ரெண்டு தடைக்காலம் வேலை சரியா வரலைன்னாலும் இரும்பு விலைக்காவது போகும், கழுத்தைப் பிடிக்காது. எனக்கு இன்னும் விசைப்படகு மேல நம்பிக்கை இல்ல. விலை மேலதான் நம்பிக்கை.

மண்டபம்கடைசல்:
ஒண்ணு எண்பதுக்கு முடிஞ்சுது. வரி தனி, பில் உண்டு, ஏலப் பத்திர நகல் வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. கேப் துண்டு இருக்கு, போல்ட்டு ரெண்டு இல்ல, போட்டுக்கலாம். ஏத்துறதுக்கு என்ன கவனிக்கணும்?

கோவைடர்னர்:
ஹைட்ரா கிரேன் வெச்சுத்தான் ஏத்துவாங்க. பெல்ட்டை பெட்டுக்கு அடியில மட்டும் கொடுக்கச் சொல்லுங்க. லீட் ஸ்க்ரூவும் ஃபீட் ராடும் பெல்ட்டுக்குள்ள மாட்டுச்சுன்னா அங்கேயே வளைஞ்சிடும். பக்கத்துல நின்னு பாருங்க, ஏத்துறவன் பார்க்க மாட்டான். எடை சமமாகிற வரைக்கும் சேடிலை டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பூட்டிடுங்க. இறங்குற இடத்துல உங்களுக்கு மணல் தரை, வெறும் சிமெண்டுப் பூச்சு மேல நிறுத்தாதீங்க. கம்பி கட்டி ஒரு அடி கான்கிரீட்டாவது வேணும். நிறுத்துன அன்னைக்கு லெவல் பார்த்துட்டு விட்டுடாம, ஒரு மாசம் ஓடுனதுக்கப்புறம் திரும்பப் பாருங்க. தரை இறங்கியிருக்கும்.

பாம்பன்காத்து:
லாரியில வரும்போதே பெட்டுல கிரீஸ் தடவச் சொல்லுங்க. உச்சிப்புளி தாண்டுனதுமே காத்து ஆரம்பிச்சிடும்.

மண்டபம்கடைசல்:
சரிண்ணே. கான்கிரீட் போட்டு முடிச்சுட்டேன், இறுகட்டும்னு தண்ணி விட்டுக்கிட்டிருக்கேன். மூணு பேஸ் லைனுக்கு லோடு கூட்டி எழுதிக் கொடுத்திருக்கேன். காக்கா, முதல் ஷாப்ட் உங்ககிட்டேர்ந்துதான்.

கீழக்கரைக்காரன்:
ரெண்டு கிடக்கு. ஒண்ணு வளைஞ்சது, அதை முதல்ல ப்ரெஸ்ல நிமித்தணும். இன்னொண்ணு டேப்பர் போனது. அது 1:10ஆ 1:12ஆன்னு அளந்துட்டுச் சொல்றேன், பழைய ப்ரொப்பல்லரையும் சேர்த்தே அனுப்புறேன்.